ஹாஸ்கெல் நிரல்மொழியில் ‘இஃப்’ தொடங்கும் இடத்துக்கு நேர் கீழே ‘தென்’ எழுதினால் ஒரு கணினியில் ஓடுவது இன்னொன்றில் ஏன் பிழையாகிறது?

குலசேகரத்து ரப்பர் கடைக்காக, ஷீட்டின் எடையைக் கேட்டு, அது பூச்சியமானால் எச்சரிக்கவும் இல்லாவிட்டால் விலையைக் காட்டவும் எழுதிய நிரல் உங்கள் மடிக்கணினியில் ஓடுவதாகவும், கல்லூரித் திட்டக் கோப்புறையில் வைத்தால் ‘தென்’ வரியில் பிழை வருவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். கணக்கில் தவறில்லை, ‘டூ’ தொகுதிக்குள் (கட்டளைகளை வரிசையாக அடுக்கும் பகுதி) ‘இஃப்’, ‘தென்’, ‘எல்ஸ்’ மூன்றையும் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக நிறுத்தியதுதான் காரணம்.

ஹாஸ்கெல்லில் உள்தள்ளல் வெறும் அழகுக்கானதல்ல. ‘டூ’, ‘லெட்’, ‘வேர்’, ‘ஆஃப்’ ஆகியவற்றை அடுத்து நெளி அடைப்புக்குறி ‘{’ இல்லையென்றால், பின்வரும் முதல் சொல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைத் தொகுப்பி (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர்) குறித்துக்கொள்கிறது. அடுத்த வரி அதே இடத்தில் தொடங்கினால் நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் அரைப்புள்ளியை அங்கே இட்டுப் புதிய கூற்றாகக் கொள்ளும். வலப்புறம் தள்ளியிருந்தால் முந்தைய வரியின் தொடர்ச்சியாகக் கொள்ளும். இடப்புறம் வந்தால் தொகுதியையே மூடிவிடும். ஆகவே உங்கள் நிரலில் ‘தென்’னுக்கு முன் ஓர் அரைப்புள்ளி விழுகிறது. ஹாஸ்கெல் 98 தரநிலைப்படி அது பிழை. ஹாஸ்கெல் 2010-இல் ‘தென்’, ‘எல்ஸ்’ இரண்டுக்கும் முன்னால் அரைப்புள்ளி வரலாம் என்று இலக்கணத்தைத் தளர்த்தினார்கள். இன்றைய ஜிஹெச்சி தொகுப்பி, வேறு எதுவும் சொல்லாவிட்டால், அந்தத் தளர்வோடுதான் இயங்கும். கல்லூரித் திட்டத்தின் அமைப்புகளைக் குறிக்கும் கேபல் கோப்பில் மொழி ஹாஸ்கெல் 98 என்று குறிக்கப்பட்டிருக்கிறதா எனப் பாருங்கள். (பழைய கோப்பையே ஆண்டுதோறும் நகலெடுத்துக் கொடுப்பது நம் பக்கத்தில் புதிதல்ல.)

கோப்பைத் திருத்துவதைவிட, ‘தென்’னையும் ‘எல்ஸ்’ஸையும் இரண்டு இடம் உள்ளே தள்ளி எழுதுவதையே நான் விரும்புவேன், இரு தரநிலைகளிலும் ஓடும். ‘இஃப்’ இங்கே மதிப்பைத் தரும் கோவை (எக்ஸ்பிரஷன்) என்பதால் ‘எல்ஸ்’ஸை விட முடியாது, அது தேவைப்படாத இடத்தில் ‘வென்’ போதும்.

இன்னொரு பொறி இதைவிட ஏமாற்றும். ‘தென்’னுக்குக் கீழே அச்சிடும் கட்டளைகள் இரண்டை அடுத்தடுத்த வரிகளில், உள்ளே தள்ளி எழுதினால், இரண்டாவது வரி முதல் வரியின் தொடர்ச்சியாகிவிடும். ஒரு மதிப்பை மட்டும் ஏற்கும் செயற்கூற்றுக்கு (ஃபங்ஷன்) மூன்று மதிப்புகள் தரப்பட்டதாகத் தொகுப்பி சொல்லும்; அது மதிப்பின் வகை பொருந்தாத வகைப்பிழையாகத் தோன்றுவதால் உள்தள்ளலை யாரும் சந்தேகிப்பதில்லை. ‘தென்’னை அடுத்து இன்னொரு ‘டூ’ எழுதினால் அந்தப் பிழை மறைந்துவிடும்.