தட்டும் வன்தட்டு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

12 ஆண்டுகளாக நான் சேர்த்துவைத்த கோப்புகள் ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள கையடக்க வன்தட்டில் இருக்கின்றன. மறைந்த என் தாயாரின் குரல் பதிவுகளும் அதில்தான் உள்ளன. வேறு பிரதி இல்லை. மூன்று வாரங்களுக்கு முன், கணினியுடன் இணைந்து ஓடிக்கொண்டிருந்தபோதே அது மேசையிலிருந்து கீழே விழுந்துவிட்டது. அன்று இரண்டு முறை கணினி அதை அடையாளம் கண்டது. கோப்புறைகளின் பெயர்கள்கூடத் தெரிந்தன. இப்போது ‘டிக், டிக்’ என்று சீராகத் தட்டும் ஒலி மட்டுமே வருகிறது. தரவு மீட்பு ஆய்வகம் ஒன்று கேட்கும் தொகை புதிய வன்தட்டின் விலையைப் போலப் பல மடங்கு. கோப்புகள் கிடைக்கும் என்ற உறுதியையும் அவர்கள் தரவில்லை. அதே மாடலில் இன்னொன்று வாங்கி சர்க்யூட் போர்டை மாற்றினால் போதும் என்கிறார் நண்பர். மூடியைத் திறந்து உள்ளே சரிசெய்யும் காணொளிகளையும் பார்த்தேன். நான் மின்னணுவியல் படித்தவன். சால்டரிங் எனக்குக் கைவந்த வேலை. முதலில் நானே முயன்று பார்த்து, முடியாவிட்டால் ஆய்வகத்துக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். இது சரியா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் வகுத்திருக்கும் வரிசையில்தான் பிழை இருக்கிறது. பழுதான வானொலிப் பெட்டியை முதலில் நாமே பிரித்துப் பார்த்து, முடியாதபோது பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதில் பெரிய நட்டம் இல்லை. நம் கைக்கு வந்தபோது எந்த நிலையில் இருந்ததோ ஏறக்குறைய அதே நிலையில்தான் அவர் கைக்கும் போகும். உள்ளுறுப்பு அடிபட்ட வன்தட்டு அப்படிப்பட்டதன்று. அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் எஞ்சியிருக்கும் வாய்ப்பில் ஒரு பகுதி செலவாகிறது. நீங்கள் முயன்று தோற்றபின் ஆய்வகத்துக்குச் செல்லும் வன்தட்டு, இன்று உங்கள் மேசைமேல் இருக்கும் வன்தட்டாக இருக்காது. ஆகவே முதலில் ஆய்வகம். அந்தச் செலவு வேண்டாமென்று நீங்கள் தீர்மானமாக முடிவெடுத்தால், அதன்பிறகு உங்கள் சொந்த முயற்சி.

அந்தத் தட்டும் ஒலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். உங்களுடையதைப் போன்ற கையடக்க வன்தட்டில், தரவைத் தாங்கும் வட்டத் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கின்றன; அவற்றின் விளிம்பு மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. அதற்குமேல் ஒரு சில நானோமீட்டர் உயரத்தில், காற்றின் மெல்லிய படலத்தில் மிதந்தபடி வாசிப்பு முனைகள் நகர்கின்றன. தலைமுடி ஒன்றின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்பது புரியும். தான் எங்கே நிற்கிறோம் என்பதை அறிய, தட்டில் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கும் வழிகாட்டிக் குறிகளை முனை படித்துக்கொண்டே இருக்க வேண்டும். படிக்க முடியாதபோது முனையைத் தாங்கும் கை எல்லைவரை சென்று திரும்பி மறுபடி முயல்கிறது. நீங்கள் கேட்பது அந்த மறுமுயற்சியின் ஓசை. முனை வளைந்தோ உடைந்தோ இருந்தால், ஒவ்வொரு மறுமுயற்சியிலும் அது தட்டைச் சுரண்டக்கூடும். தரவு இருப்பது தட்டின்மேல் பூசப்பட்ட மிக மெல்லிய காந்தப் படலத்தில். அது சுரண்டப்பட்டுத் தூளாகிவிட்டால், அந்தத் தூளை மறுபடி தரவாக்க எந்த ஆய்வகத்தாலும் இயலாது.

2003ஆம் ஆண்டு கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியபோது, அதிலிருந்த ஓர் ஆய்வுக் கருவியின் வன்தட்டும் தரையில் விழுந்தது. சுமார் 400 மெகாபைட் கொள்ளளவுள்ள அந்த வன்தட்டு கருகி, உருக்குலைந்து, அடையாளம் தெரியாத உலோகக் கட்டியாகத்தான் கண்டெடுக்கப்பட்டது. தட்டுகளை வெளியே எடுத்துத் தூய்மைப்படுத்தி வேறோர் உடலில் பொருத்திய மீட்பு வல்லுநர்கள், தரவில் ஏறக்குறைய 99 சதவீதத்தை எடுத்துவிட்டார்கள். தட்டில் தரவு எழுதப்பட்டிருந்த பகுதி சேதமடையாமல் இருந்ததே அதற்குக் காரணம். வெளித்தோற்றத்தில் ஒரு கீறலும் இல்லாமல், ஆனால் ஒரு மணி நேரம் தட்டிக்கொண்டே ஓடவிடப்பட்ட வன்தட்டின் நிலை இதைவிட மோசமாக இருக்கக்கூடும்.

நண்பரின் யோசனைக்கு வருகிறேன். சர்க்யூட் போர்டை மாற்றுவது ஒரு காலத்தில் பலித்த வித்தைதான். அந்தக் காலத்து நினைவில் அவர் சொல்கிறார் என்று நினைக்கிறேன். இன்றைய வன்தட்டுகளில், ஒவ்வொன்றின் முனைகளுக்கும் தட்டுகளுக்கும் ஏற்பத் தொழிற்சாலையில் அளந்து பதியப்பட்ட தனி அளவீடுகள் போர்டில் உள்ள ஒரு சிப்பில் இருக்கின்றன. அதே மாடல் ஆனாலும் இன்னொன்றின் அளவீடுகள் உங்களுடையதற்குப் பொருந்தா. அந்தச் சிப்பையும் கழற்றி மாற்றலாமே என்று உங்கள் சால்டரிங் அனுபவம் கேட்கும். மாற்றலாம், போர்டு பழுதாகியிருந்தால் அதற்குப் பலனும் உண்டு. ஆனால் போர்டு செத்த வன்தட்டு பொதுவாக ஓசையே எழுப்பாது, சுழலவும் செய்யாது, சில நேரங்களில் கருகிய வாடையும் வரும். உங்களுடையது சுழல்கிறது, கையை அசைக்கிறது. போர்டு தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அந்தத் தட்டலே சாட்சி. மேலும், சில கையடக்க வன்தட்டுகள் போர்டில் உள்ள சிப்பின் வழியாகத் தரவை மறைகுறியாக்கியே, அதாவது பிறர் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றியே எழுதுகின்றன. அத்தகைய போர்டைச் சேதப்படுத்தினால் ஒரு சிக்கல் இரண்டாகும்.

மூடியைத் திறக்கும் காணொளிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சாதாரண அறையின் காற்றில் மிதக்கும் தூசி, முனைக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. ஆய்வகங்கள் வடிகட்டிய காற்று பாயும் மேடையிலோ தூய அறையிலோ மட்டும் திறப்பதற்கும், முனைகள் தட்டில் உரசாதபடி தாங்கும் சிறப்புக் கருவிகளோடு மாற்றுவதற்கும் அதுவே காரணம். குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுப்பது என்ற பழைய வைத்தியத்தை நீங்கள் குறிப்பிடவில்லை. யாராவது சொல்லியிருந்தால், வெளியே எடுத்ததும் தட்டின்மேல் ஈரம் படியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நாமே செய்துகொள்ளக்கூடிய மீட்பு என்று ஒன்று இல்லவே இல்லை என்பது என் கருத்தன்று. வன்தட்டு நலமாக இருந்து, கோப்புகள் தவறி அழிக்கப்பட்டிருந்தாலோ, வன்தட்டின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பார்ட்டிஷன் அட்டவணை மட்டும் கெட்டிருந்தாலோ, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களே பெரும்பாலும் போதும். மீட்ட கோப்புகளை அதே வன்தட்டில் எழுதிவிடக் கூடாது என்பது ஒன்றே கட்டாய விதி. இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு: கணினி சரியான கொள்ளளவுடன் அடையாளம் காண்கிறது, விபரீத ஓசை இல்லை, ஆனால் செக்டர்கள் எனப்படும் தட்டின் சிறு பகுதிகள் சிலவற்றைப் படிக்கத் திணறுகிறது. வன்தட்டு தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ அறிக்கையில், பழுதான செக்டர்களைக் குறிக்கும் 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகளின் மதிப்பு பூச்சியத்திலிருந்து ஏறத் தொடங்கியிருக்கும். இந்த நிலையில் கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுப்பதைவிட, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு முழு வன்தட்டையும் இன்னொன்றில் பிரதி எடுப்பதே நல்லது. அது எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளுகிறது. எது முடிந்தது, எது பாக்கி என்பதைத் தனிக் கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தித் தொடரவும் முடிகிறது. மீட்பு வேலைகளையெல்லாம் பிறகு அந்தப் பிரதியில் செய்துகொள்ளலாம். பிரதி எடுக்கும்போது புதிதாகத் தட்டும் ஒலி எழுந்தால் அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும்.

நானும் இதைப் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வன்தட்டு ஒன்று மந்தமானபோது, பிரதி எடுக்கச் சோம்பல்பட்டு, விண்டோஸில் வன்தட்டைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் கட்டளையைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். அது தரவைக் காப்பாற்றும் கருவி என்று நம்பியிருந்தேன். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற ஒழுங்கை வைத்திருக்கும் கோப்பு முறைமையைச் சீராக்குவதே அதன் கடமை என்பதும், அதற்காகப் பழுதான வன்தட்டின்மேலேயே எழுதும் என்பதும் காலையில்தான் உறைத்தது. பெயரிழந்த ஆயிரக்கணக்கான துண்டுக் கோப்புகள் ஒரே கோப்புறையில் குவிந்துகிடந்தன. பாதிக்கு மேல் திறக்கவில்லை. அவற்றுள் ஈடு செய்ய முடியாதது எதுவும் இல்லை என்பது என் அதிர்ஷ்டம்.

உங்கள் நிலை அப்படியில்லை. தாயாரின் குரலுக்கு நீங்கள் என்ன மதிப்புப் போடுகிறீர்கள் என்பதை நான் சொல்ல முடியாது. அவர்கள் கேட்கும் தொகையைப் புதிய வன்தட்டின் விலையோடு ஒப்பிடுவது மட்டும் பொருந்தாத ஒப்பீடு. உறுதி தராத ஆய்வகம் என்பதற்காக அதை ஒதுக்காதீர்கள். திறந்து பார்க்கும்முன் உறுதி தருபவர்தான் ஐயத்துக்குரியவர். ஆய்வுக்குத் தனிக் கட்டணம் உண்டா, தரவு கிடைக்காவிட்டால் எவ்வளவு கொடுக்க வேண்டும், மாற்று முனைகளுக்கான உதிரி வன்தட்டின் விலை யாருடையது, உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் மூடியைத் திறப்பார்களா என்பவற்றை முன்கூட்டியே கேளுங்கள். தொகையைச் செலுத்தும்முன் மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். விழுந்தபின் எத்தனை முறை இணைத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வன்தட்டுக்குக் கடவுச்சொல் இட்டிருந்தால் அதையும் தயாராக வையுங்கள்.

மாற்றிப் பொருத்திய முனைகளும் நெடுநேரம் தாங்கும் என்பதில்லை. ஆகவே குரல் பதிவுகள் இருந்த கோப்புறையின் பெயரை நினைவுகூர்ந்து எழுதிக் கொடுத்து, மற்றவற்றுக்கு முன்பாக அதை எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த வன்தட்டை எந்தக் கணினியிலும் இணைக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்