ஜெயிலுக்குப் போய் வந்தவர் கடையில் கரும்புச்சாறு குடிக்கலாமா? (வாசகர் கேள்வி, நம்ம பதில்)

கேள்வி: அண்ணே, ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பூட்டை உடைத்து ஏழு பவுன் போனது. ஆளைப் பிடித்தார்கள், தண்டனையும் ஆனது, நகை மட்டும் வரவில்லை. இப்போது அதே ஆள் பஸ் ஸ்டாண்டு பக்கம் கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருக்கிறான். உள்ளே சாப்பாடு போட்டு, தொழிலும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்களாம். ஜெயில் தண்டிக்கவா, ஆளைத் திருத்தவா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருமங்கலம்)

பதில்: தங்கச்சி, முதலில் நகையைப் பேசிவிடுவோம், உங்கள் கேள்விக்கு அடியில் கிடப்பது அதுதான். கிரிமினல் கேஸ் என்பது அரசாங்கத்துக்கும் குற்றம் செய்தவனுக்கும் நடக்கிற வழக்கு, பறிகொடுத்தவர் அதில் வெறும் சாட்சி. நீங்களும் கோர்ட் படி ஏறி, 'ஆமாம், பீரோ உடைந்து கிடந்தது' என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறியிருப்பீர்கள். அபராதம் போட்டிருந்தாலும், இவருக்கு நஷ்டஈடாகக் கொடு என்று தீர்ப்பில் தனியாக எழுதினால் ஒழிய அது கஜானாவுக்குத்தான். கைதிக்கு நியாயமான கூலி கொடு, அதில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு எடுத்து வை என்று 1998-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, அந்தப் பணம் வந்து சேர்ந்த ஒரு வீட்டை உங்களுக்குத் தெரியுமா? நான் இதுவரை பார்த்ததில்லை. உங்கள் கோபத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போக வேண்டும்.

அப்புறம் அந்த ஆள். தீர்ப்பில் 'கடுங்காவல்' என்று இருந்திருக்கும். கேட்டால் அடி உதை மாதிரி இருக்கிறது, சட்டத்தில் அதற்கு அர்த்தம் வேலை வாங்குவது. கவர் ஒட்டுவதும் தறி போடுவதும் ரொட்டி சுடுவதும் சலுகை இல்லை, தண்டனையே அதுதான். வருஷங்கள் போகின்றன, பிள்ளை வளர்வதைப் பார்க்க முடியவில்லை, மனு போட்டு வந்து பார்க்கிறவர்களும் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். இதற்கு மேல் புழுச்சோறும் போட்டால்தான் தண்டனை என்றால், அப்படி வளர்த்த ஆள் கடைசியில் நம் தெருவுக்குத்தான் வருவான்.

இரண்டு வருஷம் முன்னால் மதுரை அரசரடியில் நின்றுகொண்டிருந்தேன். மத்திய சிறைப் பக்கமிருந்து ஒருத்தர் ஜவுளிக்கடைக் கட்டைப்பையோடு வந்து, 'தம்பி, ஒரு போன் போட்டுத் தர்றீங்களா' என்றார். மனப்பாடமாகச் சொன்னார், ஏழே இலக்கம். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய மளிகைக்கடை லேண்ட்லைன்! உபயோகத்தில் இல்லை என்றது. உசிலம்பட்டி போகணுமாம். பஸ் வருவதற்குள் டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கழுவக் குழாய் எங்கே என்று தேடினார். கடைக்காரர்தான் வாங்கி வைத்தார். ஊரில் கதவைத் திறக்க யாரும் இல்லையென்றால் அந்த மனுஷன் அன்றைக்கு ராத்திரி என்ன செய்வார் என்று நான் கொஞ்ச நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

உங்கள் கரும்புச்சாறுக்காரனுக்குக் கையில் ஒரு தொழில் இருக்கிறது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் கரும்பு பிழிகிற நேரத்தில் அவன் யார் வீட்டுக் கொல்லைப்புறத்தையும் நோட்டம் விடவில்லை. நீங்கள் அவனை மன்னிக்க வேண்டாம், அவன் கடையில் குடிக்கவும் வேண்டாம். கடை இருக்கட்டும்.

கேள்வி: ஐயா, ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம்தானே? மேலவளவு கேஸில் விட்டார்களே, அவர்கள் திருந்தினார்களா என்று யார் பார்த்தது?
(வாசகர், மேலூர்)

பதில்: 14 என்பது ஊர்வழக்கு. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க, காந்தி கொலையில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சேயின் வழக்கிலேயே 1961-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொலை மாதிரி வழக்குகளில் 14 வருஷம் முடியாமல் அரசு தண்டனையைக் குறைத்து வெளியே விட முடியாது என்று 1978-ல் ஒரு பிரிவு வந்தது. ஜனங்கள் அதையே மொத்தத் தண்டனை என்று எடுத்துக்கொண்டார்கள்.

மேலவளவுக்கு வருகிறேன். தலித் ஒருவர் ஊராட்சித் தலைவரானதைப் பொறுக்காமல், 1997 ஜூன் 30-ல் முருகேசனையும் கூட வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள். 2008-ல் 3 பேரும், 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 13 பேரும் வெளியே வந்தார்கள். திருந்தியவரை விடலாம் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஆள் ஆளாகப் பார்த்து, செத்தவர் வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டு முடிவெடுப்பது வேறு, காலண்டரைப் பார்த்து கேட்டைத் திறப்பது வேறு. தலைவர் விழாவையும் விடுதலையையும் முடிச்சுப் போட்டால், அந்தக் குடும்பங்களின் காதில் 'திருந்திவிட்டார்கள்' என்றா விழும்? 'விழா எடுத்தோம், விட்டோம்' என்றுதான் விழும்.

கேள்வி: சிலருக்கு ரத்தத்திலேயே ஊறியது சார். என்ன செய்தாலும் திருத்த முடியாது.
(வாசகர், மதுரை)

பதில்: இதை உசிலம்பட்டிப் பக்கம் போய்ச் சொல்லிப் பாருங்கள். வெள்ளைக்காரனும் இதையேதான் சொன்னான், குற்றப் பரம்பரைச் சட்டம் என்று சட்டமாகவே எழுதினான். பிறந்த சாதிக்காக அந்தப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் ஆண்களிடம் கைரேகை வாங்கி, ராத்திரியானால் ஸ்டேஷனில் வந்து படு என்றான். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அந்தச் சட்டம் 1947-ல்தான் இங்கே ஒழிந்தது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது, இத்தனையும் 'சீர்திருத்தம்' என்ற பெயரில்தான் நடந்தது. அதனால்தான் எனக்கு அந்த வார்த்தை மீதே கொஞ்சம் சந்தேகம் உண்டு. செய்த குற்றத்துக்குச் செய்த ஆளைப் பிடியுங்கள், ரத்தத்தை விடுங்கள்.

கேள்வி: மொத்தத்தில் உங்களுக்கு ஜெயிலே வேண்டாம் போலிருக்கே?
(வாசகி, செல்லூர்)

பதில்: வேண்டும்மா. ஊரை நடுங்க வைக்கிறவனை வெளியே விட்டுவிட்டு நானும் தூங்க மாட்டேன். ஆனால் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராத ஆளைத் தண்டிப்பதா திருத்துவதா? ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிறவர்களும் அதில் உண்டு.

2024 ஜூலையிலிருந்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் (பாரதிய நியாய சன்ஹிதா) ஒன்று நல்லது வந்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் கீழே, முதல் தடவை திருடி, பொருளையும் திருப்பிக் கொடுத்தால் ஜெயிலுக்குப் பதில் சமூக சேவை. என்ன வேலை கொடுப்பது என்று நீதிபதிகள் யோசிக்கவே வேண்டாம். மதுரையில் கூட்டிப் பெருக்க இடத்துக்கா பஞ்சம்? மாசி வீதிகளில் ஆரம்பிக்கலாம்.