எதிரணி வராத ஆட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலகக் கால்பந்தை நடத்தும் ஃபிஃபா அமைப்பு அமெரிக்க அதிபர் டிரம்புக்குச் சமாதானப் பரிசு கொடுத்ததைக் கண்டித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டென்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் 1986-லிருந்து உலகக் கோப்பை பார்ப்பவன், மரடோனா காலத்து ஆள். யாருக்கு யார் பரிசு கொடுத்தால் எனக்கென்ன சார்? எனக்கு வேண்டியது தொண்ணூறு நிமிட ஆட்டம். உக்ரைனுக்குள் புகுந்த ரஷ்யாவைத் தடை செய்தார்கள், சரி. 2003-ல் இராக்குக்குள் புகுந்த அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் யாராவது தடை செய்தார்களா? காஸாவில் இவ்வளவு நடந்த பிறகும் இஸ்ரேல் ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் ஆடவில்லையா? வெள்ளைக்காரன் தனக்குப் பிடிக்காதவனுக்குப் போடுவதுதான் தடை. அதை மொத்தமாக ஒழித்துவிட்டு எல்லாரையும் ஆடவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

2022 கத்தார் உலகக் கோப்பை விஷயமும் அப்படித்தான். ஒரு அரபு நாடு உலகக் கோப்பை நடத்துகிறதே என்ற வயிற்றெரிச்சல். கடைசியில் என்ன ஆனது? வரலாற்றிலேயே சிறந்த இறுதி ஆட்டம் அங்கேதான் நடந்தது. பாகுபாட்டை எதிர்க்கும் கைப்பட்டைக்கு ஃபிஃபா தடை போட்டதைக் கண்டித்து வாயைப் பொத்திக்கொண்டு போட்டோவுக்கு நின்ற ஜெர்மனிக்காரர்கள் ஜப்பானிடம் தோற்று முதல் சுற்றோடு ஊர் திரும்பினார்கள். ஆட்டக்காரன் ஆடட்டும், அரசியலை அரசியல்வாதி பார்த்துக்கொள்ளட்டும். உங்களைப் போன்றவர்கள் எங்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே சந்தோஷத்திலும் அரசியலை இழுத்துவந்து கெடுக்கிறீர்கள். 2026 ஜூனில் அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் உலகக் கோப்பை நடக்கும்போது நீங்கள் டிவி போடாமல் இருக்கப் போகிறீர்களா? அதையும் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கோபம் ஒன்றும் இல்லை. இராக் பற்றியும் இஸ்ரேல் பற்றியும் நீங்கள் சொல்வது உண்மை. பெரிய நாடு செய்தால் ஒரு நியாயம், மற்றவர் செய்தால் இன்னொரு நியாயம் என்றுதான் கால்பந்து நிர்வாகம் நடந்துவருகிறது. அதிலிருந்து நீங்கள் வந்துசேரும் முடிவில்தான் எனக்குச் சண்டை. யாரையும் கேள்வி கேட்காமல் எல்லாரையும் ஆடவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஃபிஃபா ஒருமுறை நடத்தியே காட்டியிருக்கிறது.

1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதிபர் அயெந்தே அன்றே இறந்தார். ஆட்சியைப் பிடித்த தளபதி பினோசெட்டின் ராணுவம் பிடித்த ஆட்களை வைக்கச் சிறைகள் போதாமல், சாந்தியாகோவின் தேசிய மைதானத்தையே சிறையாக்கியது. ஆயிரக்கணக்கானவர்களை அங்கே அடைத்தார்கள். உடை மாற்றும் அறைகளிலும் பக்கத்துக் கட்டடங்களிலும் சித்திரவதை நடந்தது, சிலரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நேரத்தில் 1974 உலகக் கோப்பையில் ஓர் இடத்துக்காகச் சிலியும் சோவியத் யூனியனும் மோத வேண்டியிருந்தது. மாஸ்கோவில் நடந்த முதல் ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. இரண்டாவது ஆட்டம் நவம்பர் 21 அன்று, இதே சாந்தியாகோ மைதானத்தில்.

அங்கே ஆட மாட்டோம், வேறு நாட்டில் வையுங்கள் என்றது சோவியத் அணி. ஃபிஃபா அக்டோபரில் ஒரு குழுவை அனுப்பியது. அவர்கள் புல்தரையைப் பார்த்தார்கள், இருக்கைகளைப் பார்த்தார்கள், ஆட்டம் நடத்தலாம் என்று அறிக்கை கொடுத்தார்கள். குழு மேலே சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே உள்ள அறைகளில் தங்களைச் சத்தம் காட்டாமல் ஒளித்து வைத்திருந்ததாகக் கைதிகள் பிற்பாடு சாட்சியம் சொன்னார்கள்.

சோவியத் அணி வரவில்லை. ஆனாலும் ஆட்டம் நடந்தது. சிலி அணி இறங்கியது, நடுவர் விசில் ஊதினார். சிலி ஆட்டக்காரர்கள் நாலைந்து பேர் பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டே போக, கேப்டன் பிரான்சிஸ்கோ வால்டெஸ் ஆளில்லாத கோலுக்குள் அதைத் தள்ளினார். ஸ்கோர்போர்டில் கோல் ஏறியது. பிறகு ஃபிஃபா 2-0 என்று எழுதிக்கொண்டு சிலியை உலகக் கோப்பைக்கு அனுப்பியது.

சோவியத் அரசு யோக்கியமானது என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து வருடம் முன்புதான் அது பிராக் நகருக்குள் டாங்கிகளை அனுப்பியிருந்தது. சாந்தியாகோ விஷயத்தில் அதற்கு அதன் சொந்தக் கணக்கு இருந்தது. இருந்தாலும் மனிதர்களை வதைத்த இடத்தில் பந்து ஆட மாட்டேன் என்று சொன்னது சரியான காரியம். விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்று ஃபிஃபா அன்று சொன்னது யாருக்கு உதவியது? பினோசெட்டுக்குத்தான். நாட்டில் எல்லாம் வழக்கம்போல இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்ட அவருக்கு ஒரு ஆட்டம் தேவைப்பட்டது. அது கிடைத்தது.

அந்தச் சிலி அணியில் கார்லோஸ் காஸெலி என்றொரு முன்கள ஆட்டக்காரர் இருந்தார். அயெந்தேயின் ஆதரவாளர், அதை மறைத்தவரும் இல்லை. 1974-ல் அணி ஜெர்மனிக்குக் கிளம்பும் முன் பினோசெட் ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டு வந்தார். காஸெலி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய தாய் ஓல்கா காரிடோவை ராணுவம் பிடித்துக்கொண்டுபோய்ச் சித்திரவதை செய்தது. உலகக் கோப்பை வரலாற்றில் முதல் ரெட் கார்டு வாங்கியவரும் காஸெலிதான். மேற்கு பெர்லினில், ஜெர்மனியின் பெர்ட்டி ஃபோக்ட்ஸைத் தட்டிவிட்டதற்காக. ஆட்சிக்கு வேண்டிய பத்திரிகைகள் அதை வைத்தே அவரைத் தேசத்துரோகி அளவுக்குத் திட்டின.

1988-ல் பினோசெட் தொடரலாமா என்று வாக்கெடுப்பு வந்தது. ‘வேண்டாம்’ பிரசாரத்தின் தொலைக்காட்சிப் படத்தில் ஒரு முதிய பெண் தன்னைக் கடத்திச் சித்திரவதை செய்ததைச் சொல்கிறார். அது முடிந்ததும் காஸெலி திரையில் வந்து, இவர் என் அம்மா என்கிறார். அக்டோபர் 5 அன்று கிட்டத்தட்ட 56 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்று வாக்களித்தார்கள். ஆட்டக்காரன் ஆட்டத்தோடு நிற்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்களே எஸ்., இந்த மனிதரிடம் அதைச் சொல்ல உங்களுக்கு மனம் வருமா? என்னால் முடியாது.

அரசியலை அரசியல்வாதி பார்த்துக்கொள்வான் என்கிறீர்கள். அவன் பார்த்துக்கொள்ளாத இடத்தில்தான் ஆட்டக்காரர்கள் இறங்கியிருக்கிறார்கள். 1958-ல் ரஷீத் மெக்லூஃபிக்கு 21 வயது. சேன்ட் எட்டியென் கிளப்பின் நட்சத்திரம், பிரான்ஸ் உலகக் கோப்பை அணிக்கான உத்தேசப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பிரான்சின் பிடியில் இருந்த அல்ஜீரியாவில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. மெக்லூஃபி பிறந்த செதீஃப் ஊரில் 1945-ல் பிரெஞ்சுப் படை நடத்திய படுகொலை அவர் சிறுவனாக இருந்தபோதே நடந்தது. உலகக் கோப்பைக்கு இரண்டு மாதம் முன்பு, மோனாக்கோ கிளப்பின் முஸ்தஃபா ஸித்தூனி உள்ளிட்ட அல்ஜீரிய ஆட்டக்காரர்களும் மெக்லூஃபியும் ரகசியமாக எல்லை தாண்டித் துனிஸ் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே விடுதலை முன்னணியின் அணி உருவானது. மெக்லூஃபி அப்போது பிரெஞ்சு ராணுவத்தில் கட்டாயச் சேவையில் இருந்தவர். பிடிபட்டிருந்தால் ராணுவத்தை விட்டு ஓடியவருக்கான தண்டனை காத்திருந்தது.

ஃபிஃபா அந்த அணியை ஏற்கவில்லை. அதனுடன் ஆடுகிறவர்கள் மீது நடவடிக்கை எடுப்போம் என்றது. ஆனாலும் அரபு நாடுகளிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் சீனாவிலும் வியட்நாமிலும் ஆடினார்கள். ஒரு நாடு பிறப்பதற்கு முன்பே அதன் கொடி மைதானத்தில் ஏறியது. 1962-ல் விடுதலை கிடைத்தது. மெக்லூஃபி பிறகு சேன்ட் எட்டியெனுக்கே திரும்பினார். முதல் நாள் ரசிகர்கள் எப்படி நடந்துகொள்வார்களோ என்று பயந்தவர்களும் உண்டு. அவர் ஆட ஆரம்பித்ததும் அந்தப் பயம் போய்விட்டது. 1968 பிரெஞ்சுக் கோப்பை இறுதியில் போர்தோவுக்கு எதிராக இரண்டு கோலும் அவருடையது. கோப்பையைக் கையில் கொடுத்தவர் அதிபர் டி கோல்.

சரி, தடைக்கு வருகிறேன். உங்கள் வாதத்தை 1963-ல் ஃபிஃபா தலைவர் ஸ்டான்லி ரௌஸ் வைத்தார். நிறவெறித் தென்னாப்பிரிக்காவை 1961-ல் இடைநீக்கம் செய்திருந்தார்கள். ரௌஸ் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, எதிர்ப்பவர்கள்தான் அரசியல் செய்கிறார்கள் என்று சொல்ல, தடை நீங்கியது. ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் விடவில்லை. அடுத்த வருடமே வாக்குகளைத் திரட்டி மறுபடி தடை கொண்டுவந்தார்கள். 1976-ல் கறுப்பின மக்கள் வாழும் சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகளைச் சுட்ட பிறகு ஃபிஃபா தென்னாப்பிரிக்காவை வெளியேற்றியது. 1992-ல்தான் திரும்பச் சேர்த்தார்கள். வெள்ளைக்காரன் போட்ட தடையா இது? வெள்ளைக்காரத் தலைவரை மீறி ஏழை நாடுகள் போராடி வாங்கிய தடை. தடையை மொத்தமாக ஒழிக்கச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் ஒழிக்கச் சொல்கிறீர்கள்.

ரஷ்யா விஷயத்திலும் ஃபிஃபா தானாகத் தடை போடவில்லை. 2022 பிப்ரவரி 27 அன்று அது சொன்னது, ரஷ்யா கொடியில்லாமல், வேறு பெயரில், இருவருக்கும் பொதுவான வேறொரு நாட்டு மைதானத்தில் ஆடட்டும் என்பதுதான். தகுதிச் சுற்றில் ரஷ்யாவோடு மோத வேண்டியிருந்த போலந்து அணி ஆட முடியாது என்றது. அதன் கேப்டன் லெவண்டோவ்ஸ்கியும் அந்த முடிவின் பக்கம் நின்றார். ஸ்வீடனும் செக்கும் சேர்ந்துகொண்டன. மறுநாளே தடை வந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் மறுத்தால் நிர்வாகம் வழிக்கு வரும் என்பதற்கு இதைவிட அண்மைய சாட்சி இல்லை.

இந்த நியாயம் பாலஸ்தீனத்துக்குக் கிடைக்கவில்லை என்பதில் உங்களுக்கு இருக்கும் ஆத்திரம் எனக்கும் இருக்கிறது. ஆக்கிரமித்த மேற்குக் கரைக் குடியேற்றங்களில் இருக்கும் கிளப்கள் இஸ்ரேல் லீக்கில் ஆடுகின்றன. ஒரு நாட்டுக் கால்பந்துச் சங்கத்தின் எல்லைக்குள் அதன் அனுமதியில்லாமல் இன்னொரு சங்கம் போட்டி நடத்தக்கூடாது என்பது ஃபிஃபாவின் சொந்த விதி. பாலஸ்தீனச் சங்கம் வருடக்கணக்கில் இதைச் சொல்லிப் பார்த்தது. 2017-ல் ஃபிஃபா நடவடிக்கை இல்லை என்று முடிவெடுத்தது. 2024-ல் பாங்காக் மாநாட்டில் மறுபடி கேட்டபோது, சட்ட ஆலோசனை கேட்கிறோம் என்று தள்ளிப்போட்டது. 2025 ஆகஸ்டில் பாலஸ்தீன அணியின் முன்னாள் ஆட்டக்காரர் சுலைமான் அல் உபைத், தெற்குக் காஸாவில் உதவிப் பொருளுக்குக் காத்திருந்தபோது இஸ்ரேலியத் தாக்குதலில் கொல்லப்பட்டார் என்று அந்தச் சங்கம் அறிவித்தது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் அவருக்கு அஞ்சலி போட்டது, எப்படி இறந்தார் என்று ஒரு வார்த்தை இல்லாமல். எகிப்து நட்சத்திரம் மோ சலா அதற்குக் கீழே கேட்டார்: எப்படி இறந்தார், எங்கே, ஏன் என்று எங்களுக்குச் சொல்ல முடியுமா?

நீங்கள் விரும்புவதுபோல சலா தன் ஆட்டத்தோடு நின்றிருந்தால் அந்தக் கேள்வி உலகத்தின் காதுக்கு எட்டியிருக்காது. ஆகவே ரஷ்யாவுக்குப் போட்ட தடையை எடு என்று நான் கேட்க மாட்டேன். அதே அளவுகோலை இஸ்ரேலுக்கும் அமெரிக்காவுக்கும் வை என்று கேட்பேன். நீங்களும் அப்படிக் கேளுங்கள்.

கத்தார் பற்றி. மேற்கத்தியப் பத்திரிகைகளில் அரபு நாடு என்ற இளப்பம் இருந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மைதானங்களைக் கட்டியவர்கள் யார்? நேபாளி, வங்கதேசி, இந்தியன், இலங்கையன். நம் ஊர்ப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளியை முதலாளியோடு கட்டிப்போடும் கஃபாலா முறையில், முதலாளி கையெழுத்து இல்லாமல் வேலை மாறவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ முடியாமல் இருந்தது. கண்டனங்களுக்குப் பிறகுதான் 2020 வாக்கில் அதில் பெரிய பகுதியைத் தளர்த்தினார்கள். போட்டி ஏற்பாடுகளுக்குப் பொறுப்பாக இருந்த ஹசன் அல் தவாதியே, உலகக் கோப்பை சார்ந்த வேலைகளில் இறந்தவர்கள் 400-லிருந்து 500 வரை இருக்கலாம் என்று 2022-ல் ஒரு பேட்டியில் சொன்னார். செத்தவர்கள் நம் ஆட்கள் எஸ். வெள்ளைக்காரன் கேட்டான் என்பதற்காக அந்தக் கேள்வியை நாம் விட்டுவிடலாமா?

ஜெர்மனிக்காரர்கள் வாயைப் பொத்தியது பற்றி உங்களோடு ஒத்துப்போகிறேன். அந்தக் கைப்பட்டையைக் கட்டினால் மஞ்சள் அட்டை என்று ஃபிஃபா மிரட்டியதும் ஏழு ஐரோப்பிய அணிகள் அதைக் கழற்றி வைத்தன. ஒரு மஞ்சள் அட்டைக்குக்கூடத் துணியாத எதிர்ப்பு அது. அந்த ஜெர்மனி போட்டோவுக்கு இரண்டு நாள் முன்பு ஈரான் அணி இங்கிலாந்துக்கு எதிராக இறங்கியபோது, பதினொரு பேரும் தேசிய கீதத்தைப் பாடாமல் நின்றார்கள். அவர்கள் நாட்டில் போலீஸ் காவலில் இருந்தபோது இறந்த மஹ்சா அமினி என்ற இளம்பெண்ணுக்காகத் தெருவில் இறங்கியவர்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் அந்த வாய்கள் மூடியிருந்தன. ஆறு கோல் வாங்கித் தோற்றார்கள். எனக்கு அது தோல்வியாகவே தெரியவில்லை.

டிரம்ப் பரிசு ஏன் எனக்கு உறுத்துகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். ஒரு கைப்பட்டையை அரசியல் என்று சொல்லித் தடுத்த அமைப்பு, 2025 டிசம்பர் 5 அன்று வாஷிங்டனில், உலகக் கோப்பைக் குலுக்கல் மேடையிலேயே, பதவியில் இருக்கும் ஒரு அதிபருக்குச் சமாதானப் பரிசு கொடுக்கிறது. தன் நிர்வாகிகள் அரசியலில் நடுநிலை காக்க வேண்டும் என்று அதன் நெறிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறது. விளையாட்டில் அரசியல் கலக்கக் கூடாது என்று நீங்கள் மனதார நம்பினால், முதல் கடிதத்தை ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோவுக்குத்தான் எழுத வேண்டும்.

கடைசிக் கேள்வி. ஜூனில் டிவி போடுவேன், எல்லா ஆட்டமும் பார்ப்பேன். முக்கியமாக ஹெய்ட்டி ஆடுவதைப் பார்க்க ஆசை. 1974-க்குப் பிறகு இப்போதுதான் அவர்கள் உலகக் கோப்பைக்கு வருகிறார்கள். ஊரில் ஆயுதக் கும்பல்களின் ஆட்டத்தால் சொந்த மண்ணில் ஒரு தகுதிச் சுற்று ஆட்டம்கூட ஆட முடியாமல், வெளி மண்ணிலேயே ஆடித் தேறினார்கள். பிரேசிலோடும் மொராக்கோவோடும் ஒரே பிரிவில் இருக்கிறார்கள். 2025 ஜூனில் டிரம்ப் போட்ட பயணத் தடையில் ஹெய்ட்டி பெயரும் ஈரான் பெயரும் இருக்கின்றன. ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். ரசிகர்களுக்கு விலக்கு இல்லை. ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சில் உங்களைப் போல 1986-லிருந்து உலகக் கோப்பை பார்த்துவரும் ஒருவர் இருந்தால், தன் நாட்டு அணி ஆடுவதைப் பார்க்க அவர் அமெரிக்கா போக முடியாது. அவருக்காகவும் கொஞ்சம் கோபப்படுங்கள் எஸ்.