கீஸ் குழுவின் ஆல்பம்: காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: நியூயார்க்கைச் சேர்ந்த கீஸ் என்ற இளம் ராக் இசைக்குழுவை ஆளாளுக்குத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். அவர்களுடைய ‘கெட்டிங் கில்ட்’ ஆல்பத்தின் முதல் பாட்டைப் போட்டேன். பாடகர் தொண்டை கிழியக் கத்துகிறார். நண்பர் ஒருவர் இசைத்தட்டாகவே வாங்கச் சொல்கிறார். வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். அந்தப் பணத்துக்குத் தகுந்ததா?

பதில்: தகுந்தது. ஆனால் இன்றே வாங்காதீர்கள்.

நீங்கள் கேட்டது ‘டிரினிடாட்’. சோம்பலாக நகரும் கிட்டார், முனகல் போன்ற குரல், திடீரென்று காரில் வெடிகுண்டு இருப்பதாக ஓர் அலறல். புதிதாக வருகிறவரை விரட்டியடிக்க இதைவிடப் பொருத்தமான பாட்டு ஆல்பத்தில் இல்லை. அதை விட்டுவிட்டு ‘டாக்ஸஸ்’ பாட்டுக்குப் போங்கள். பாதி வரை பெரும்பாலும் தாளமும் குரலும்தான். மேக்ஸ் பாசினின் டிரம்ஸ் உருண்டுகொண்டே இருக்கும், கிட்டார் எங்கே என்று தேடத் தோன்றும். பிறகு கிட்டார்கள் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும்போது பாட்டே வேறாகிவிடும். அந்த இடத்தில் உங்களுக்கு உடம்பு சிலிர்க்கவில்லை என்றால் இசைத்தட்டுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

இன்னொரு சோதனை பாடகர் கேமரன் விண்டரின் குரல். ஆழமான குரல்தான், ஆனால் சுருதியில் சொகுசாக உட்காராது. தள்ளாடும், இழுக்கும், உடையும். ‘ஓ பே து கொகேன்’ என்ற மெதுவான பாட்டில் அந்தக் குரல் யாரையோ போகவிடாமல் மன்றாடுகிறது. என்னைக் கேட்டால் ஆல்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதுவும் ஒட்டவில்லையா? ஊர் முழுக்கப் புகழ்ந்தாலும் உங்களுக்கு இது வேண்டாம். ரசனையில் கூட்டத்துக்குப் பின்னால் போக எந்தக் கட்டாயமும் இல்லை.

புகழ்ச்சியில் எனக்கு உடன்பாடில்லாத பகுதியும் உண்டு. ‘ராக் இசையை மீட்க வந்தவர்கள்’ என்பது அதிகப்படியான பேச்சு. புரூக்ளினில் பள்ளியில் படிக்கும்போதே சேர்ந்து வாசிக்கத் தொடங்கியவர்கள் இவர்கள். 2021இல் ‘புரொஜெக்டர்’, 2023இல் ‘3டி கன்ட்ரி’, 2025 செப்டம்பரில் இந்த ஆல்பம் என்று படிப்படியாக வந்திருக்கிறார்கள். ‘3டி கன்ட்ரி’ திறமையைக் கடைவிரித்துக் காட்டியது; அதில் எல்லாமே கொஞ்சம் கூடுதல். ‘கெட்டிங் கில்ட்’ ஆல்பத்தை ஹிப்-ஹாப் இசையில் பெயரெடுத்த கென்னத் ப்ளூம் குழுவோடு சேர்ந்து தயாரித்திருக்கிறார். தாளம் முன்னால் வந்துவிட்டது, கிட்டார்கள் இடம்விட்டு வாசிக்கின்றன. இந்த அடக்கம்தான் ஆல்பத்தை உயர்த்துகிறது. 11 பாடல்களில் சில, வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லி நீண்டுகொண்டே போகின்றன என்பதையும் மறைக்க மாட்டேன். கடைசிப் பாட்டான ‘லாங் ஐலண்ட் சிட்டி ஹியர் ஐ கம்’ மட்டும் நீண்டாலும் விட மனம் வராது. ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறிக்கொண்டே போகிறது.

கேள்வி: பிடித்துவிட்டால் எந்த வடிவத்தில் வாங்குவது?

பதில்: ஸ்ட்ரீமிங்கில் சில வாரங்கள் கேட்டுவிட்டு, நீங்களாகவே தேடிப் போய் மறுபடி போடுகிறீர்களா என்று பாருங்கள். போடுகிறீர்கள், வீட்டில் இசைத்தட்டை ஓடவிட நல்ல டர்ன்டேபிளும் இருக்கிறது என்றால் இசைத்தட்டு வாங்குங்கள். பாசினின் டிரம்ஸை ஸ்பீக்கரில் கேட்பது தனி அனுபவம். டர்ன்டேபிள் இல்லாதவர் உறையின் அழகுக்காக வாங்க வேண்டாம். சி.டி. போதும், விலையும் குறைவு.

வண்ண இசைத்தட்டு, சிறப்புப் பதிப்பு என்று கூடுதல் விலை சொன்னால் மயங்காதீர்கள். நிறத்தால் ஒலி மேம்படாது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது தட்டின் விலையோடு அனுப்புக் கட்டணமும் சுங்க வரியும் சேரும். மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். வளைந்த தட்டு வந்தால் மாற்றித் தருவார்களா, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதைக் கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள்.