பிளக்கைத் திருகினால் மட்டும் இடது காதில் ஒலி வருவது

மியூசிக் பிளேயரில் செருகிய ஹெட்போனில் இப்படி நேர்ந்தால், பிளேயரின் மென்பொருளை மீண்டும் நிறுவ வேண்டாம். பிளக்கைத் திருகியதும் இடது காதில் ஒலி திரும்புகிறது என்றால், பழுது இணைப்பில்தான் இருக்கிறது.

பிளக்கைச் செருகும் துளையான 3.5 மி.மீ. ஜாக்கைப் பிளேயரின் சர்க்யூட் போர்டில் பிடித்து வைத்திருப்பவை சில சால்டர் புள்ளிகளே (உலோகத்தை உருக்கி ஒட்டிய இடங்கள்) என்பதால், சட்டைப்பையில் பிளக் நெம்பப்படும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் அவற்றின் மீது விழுந்து, நாளடைவில் கண்ணுக்கு எளிதில் தெரியாத விரிசல் உண்டாகிறது.

முதலில் வேறொரு ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். அதிலும் ஒலி விட்டுவிட்டு வந்தால், பிளேயரை அணைத்துவிட்டு, ஜாக்கின் அடியில் படிந்திருக்கும் பஞ்சை உலர்ந்த பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். பிளக் முழுமையாக உள்ளே போகாததற்குப் பலமுறை அதுவே காரணம்.

அப்படியும் சரியாகாவிட்டால் மறுசால்டர்தான் வழி. ஆனால் உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால், உலோகக் கருவியால் நெம்பித் திறக்க வேண்டாம். பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கக்கூடும்.