வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும் குழந்தைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மழலையர் வகுப்பில் வேலை பார்க்கிறேன். ஒன்றரை வயது முதல் நான்கு வயது வரை 14 குழந்தைகள். இந்த மாதத்திலிருந்து பாட்டு வகுப்பும் என் தலையில். முறையாகச் சங்கீதம் கற்றவள் இல்லை. நான் பாட ஆரம்பித்தால் பாதிப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் அறையைச் சுற்றி ஓடுகிறான், இன்னொருவன் கிலுகிலுப்பையைக் கடிக்கிறான். வாசலில் பெற்றோர் நின்றால் எனக்குக் குரலே எழும்புவதில்லை. பேசாமல் செல்போனில் பாட்டைப் போட்டுவிடலாமா?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

செல்போன் வேண்டாம். அதன் சுருதி உங்களுடையதைவிடச் சுத்தமாக இருக்கும், சரி. ஆனால் அதற்குக் காத்திருக்கத் தெரியாது. நாலைந்து நாள் பாடிப் பழகிய பாட்டில் கடைசிச் சொல்லை மட்டும் பாடாமல் நிறுத்துங்கள். இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. ஏதோ ஒரு மூலையிலிருந்து அந்தச் சொல் வரும். பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்க்காத குழந்தையிடமிருந்து.

வாயைப் பார்த்து நிற்பவர்கள்தான் உங்களைக் கலங்கடிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகளுக்குத் தூக்கத்தில் தாளம் கேட்க வைத்தார்கள். தாளத்தின் முதல் அடியை விட்டுவிட்டபோது மூளை அலைகளில் மாற்றம் தெரிந்தது. காது அவ்வளவு முன்னால் போய்விடுகிறது. கையும் தொண்டையும் வந்து சேரத்தான் வருடங்கள் ஆகும். வகுப்பில் கம்மென்று நின்ற பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாட்டு முழுவதையும் பாடுவது, இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் கேள்விப்படும் கதை. வாசலில் நிற்கும் பெற்றோரிடம் இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். குரல் தானாக எழும்பும்.

சங்கீதம் கற்காதது பெரிய குறையில்லை. நாம் தாழ்ந்த சுருதியில் பாடுவதுதான் குறை. இந்த வயதுக்குச் சௌகரியமான இடம், கீபோர்டில் நடு சி-யை அடுத்துள்ள டி-யிலிருந்து ஏ வரை, ஐந்தே வெள்ளைக் கட்டைகள். களைத்த பெரியவர்கள் அதற்குக் கீழே போய்விடுகிறோம், குழந்தைகளால் அங்கே வர முடிவதில்லை. பஞ்சமத்திலிருந்து (ச-ரி-க-ம-ப-வில் வரும் 'ப') அந்தர காந்தாரத்துக்கு (இரண்டு 'க'க்களில் மேலே இருப்பது) இறங்கிப் பாருங்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் இழுத்துக் கூப்பிடும் ராகம் அது. ஹங்கேரிய இசையமைப்பாளர் சோல்டான் கோடாய் (1882–1967) பெயரால் வழங்கும் கற்பிக்கும் முறை தொடங்குவதே இந்த இரண்டு ஸ்வரங்களில்தான். 'வா-ங்க, உட்-கா-ரு' என்று அதில் அழைக்கவே நீங்கள் ஒரு வாரம் செலவழிக்கலாம்.

தாளத்தில் நீங்கள்தான் அவர்கள் பின்னால் போக வேண்டும். அவர்களின் இயல்பான வேகம் நம்முடையதைவிட அதிகம். ஓடுகிறவனின் காலடிக்குக் கைதட்டிப் பாருங்கள். அவன் நின்றால் நீங்களும் நிறுத்துங்கள். திரும்பிப் பார்ப்பான். அப்புறம் வேண்டுமென்றே நின்று நின்று ஓடுவான். அன்றைய வகுப்பை அவனே நடத்திவிடுவான்.

நான் முதல் வகுப்புக்கு அரை மணி நேரத்துக்கென்று பன்னிரண்டு பாட்டுகளோடு போனேன். பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. மூன்று பாட்டு போதும், மாதம் முழுக்க. அலுப்பு நமக்குத்தான்.

கிலுகிலுப்பையின் மூடியை நன்றாக ஒட்டிவிடுங்கள். உள்ளே இருப்பது வெளியே வந்து தொண்டையில் சிக்கக் கூடாது. அவன் எப்படியும் கடிக்கத்தான் போகிறான்.