ஐந்து ஸ்டாரும் ஒரு ஸ்டாரும்: டேட்டாபேஸ் புத்தகம் வாங்கும் முன்

கேள்வி: பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளைக் கற்றுக்கொள்ள ஒரு கையேடு பார்த்து வைத்திருக்கிறேன். விலை 850 ரூபாய், மொத்த மதிப்பு 4.4 ஸ்டார். ஆனால் கருத்துகளைப் படித்தால் குழப்பமாக இருக்கிறது. ஒருவர் "இதைவிட எளிமையாக யாரும் சொல்லித்தர முடியாது" என்கிறார். இன்னொருவர் "பாதி புரோகிராம் ஓடவே இல்லை, பணம் வீண்" என்கிறார். யாரை நம்புவது?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். முதலில் அந்தக் கருத்துகளுக்குக் கீழே உள்ள தேதியைப் பாருங்கள். பாராட்டு 2016-இலும் புகார் 2023-இலும் எழுதப்பட்டிருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. புத்தகம் அப்படியேதான் இருக்கிறது, மென்பொருள்தான் மாறிவிட்டது.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 2017-இல் நல்ல பெயர் வாங்கிய ஒரு பிஹெச்பி (இணையதளங்களுக்கான புரோகிராம் மொழி)–மைஎஸ்க்யூஎல் புத்தகத்தை வாங்கினேன். முதல் புரோகிராமே நின்றுவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து எழுத்துப் பிழை தேடினேன். காரணம் வேறு. டேட்டாபேஸோடு இணைக்க அந்தப் புத்தகம் சொல்லித்தந்த 'மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்' என்ற கட்டளையையே 2015 டிசம்பரில் வந்த பிஹெச்பி 7-இல் எடுத்துவிட்டார்கள். ஐந்து வருட அனுபவம் உள்ளவருக்கு இது ஐந்து நிமிட வேலை. புதிதாகப் படிப்பவரோ தப்பு தன்னுடையது என்றே நினைப்பார், 'இது நமக்கு வராது' என்று மூடி வைத்துவிடுவார். 850 ரூபாய் போவதைவிட அதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

அதனால் "ஓடவே இல்லை" என்கிற ஒரு ஸ்டார் கருத்தைத் தள்ளிவிடாதீர்கள். எந்த வெர்ஷனில் போட்டுப் பார்த்தார், எந்த அத்தியாயத்தில் நின்றது, என்ன பிழைச் செய்தி வந்தது என்று எழுதியிருக்கிறாரா? எழுதியிருந்தால் அந்த ஒரு கருத்து "சூப்பர்", "அருமை" என்ற ஐம்பது கருத்துகளுக்குச் சமம். "பார்சல் கிழிந்து வந்தது", "நாலு நாள் தாமதம்" என்று ஸ்டாரைக் குறைத்தவர்களை விட்டுவிடலாம், அது கடைக்கான மதிப்பெண். இன்னொன்று: சில விற்பனைத் தளங்களில் பழைய பதிப்பு, புதிய பதிப்பு, மின்னூல் எல்லாவற்றின் கருத்துகளும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்கும். நீங்கள் பார்க்கும் 4.4 எந்தப் பதிப்புக்குக் கிடைத்தது என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

அப்புறம், மற்றவர்கள் சொல்வதை விட்டுவிட்டு நீங்களே சோதிக்க ஒரு வழி உண்டு. உள்ளடக்கப் பக்கத்தையும் மாதிரிப் பக்கங்களையும் திறந்து பாருங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0 வந்தது 2018 ஏப்ரலில். ரேங்க் போடுவது போன்றவற்றுக்கான விண்டோ ஃபங்ஷன்களும், 'வித்' என்று தொடங்கும் குவெரிகளும் (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளைகள்) மைஎஸ்க்யூஎல்லில் அதில்தான் முதலில் வந்தன. வகுப்பு வாரியாக மாணவர்களுக்கு ரேங்க் போடுவது மாதிரியான வேலையைப் பழைய புத்தகங்கள் சுற்றி வளைத்துச் செய்யும், இப்போது ஒரே குவெரியில் முடியும். இந்த இரண்டும் புத்தகத்தில் இல்லையென்றால் அது முந்தைய வெர்ஷனான 5.7-க்கோ அதற்கும் முந்தையதற்கோ எழுதப்பட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது.

தமிழில் எதையாவது சேமிக்கப்போகிற நமக்கு இன்னொரு சோதனையும் உண்டு. டேபிள் உருவாக்கும் இடத்தில், எழுத்துகளைச் சேமிக்கும் முறையாக 'யுடிஎஃப்8' என்று மட்டும் போட்டிருக்கிறதா, 'யுடிஎஃப்8எம்பி4' என்று இருக்கிறதா என்று பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லின் பழைய யுடிஎஃப்8, ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் இடம் தராது. தமிழ் எழுத்துகளுக்கு மூன்று பைட் போதும் என்பதால் "வணக்கம்" ஒழுங்காகச் சேரும். அதன் பின்னால் யாராவது ஓர் எமோஜி போட்டால் அதற்கு நான்கு பைட் வேண்டும், அங்கே பிழை வரும், அல்லது எழுத்து வெட்டுப்படும். 8.0-இலிருந்து யுடிஎஃப்8எம்பி4-தான் இயல்பான அமைப்பு. இந்த வேறுபாட்டை விளக்கும் புத்தகம் என்றால் ஆசிரியர் நிஜமாகவே வேலை செய்து பார்த்தவர் என்று எனக்கு நம்பிக்கை வரும்.

வரிசைகளைத் தொகுக்கும் 'குரூப் பை' அத்தியாயத்தையும் புரட்டுங்கள். 5.7-லிருந்து அதற்கான விதி இயல்பாகவே இறுகிவிட்டது. குரூப்பில் சேராத நெடுவரிசையை (காலம்) செலக்ட்டில் அப்படியே போட்டால், பிழை எண் 1055 வரும். நீங்கள் சொல்லும் "பாதி ஓடவில்லை" புகாரில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

இவற்றில் தேறினால் வாங்குங்கள். தேறாவிட்டால், எளிமையாகச் சொல்லித்தருகிறார் என்பதற்காக மட்டும் 850 ரூபாய் கொடுக்க வேண்டாம். கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி இருந்தால் எடுத்துப் படியுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் குவெரி மொழி) புத்தகம் போட்டோகாப்பி எடுத்தது போல இருக்கிறது. படங்கள் கறுப்பாக அப்பியிருக்கின்றன. கருத்துகளில் எல்லோரும் "பிரிண்ட் பிரமாதம்" என்று எழுதியிருந்தார்கள். விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.
– வாசகர், ஈரோடு

பதில்: தாள் மெலிதாக இருப்பது மட்டும் குற்றமில்லை. இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்க என்று அச்சிட்டு வரும் மலிவுப் பதிப்புகள் முறையானவையே. ஆனால் ஸ்கிரீன்ஷாட் அப்பியிருப்பது, வரி ஓரத்தில் வெட்டுப்பட்டிருப்பது, ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் இல்லாதது எல்லாம் சேர்ந்திருந்தால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். புரோகிராம் புத்தகத்தில் ஒரு காற்புள்ளி மங்கினாலும் குவெரி ஓடாது, ஆகவே "படிக்க முடிகிறதே" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, பொருள் குறைபாடுள்ளதாகவோ போலியாகவோ இருந்தால், அல்லது விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டால், திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. விற்பவரே வாங்கியவர் போல நல்ல கருத்து எழுதுவதையும் அதே விதிகள் தடை செய்கின்றன. பக்கங்களைப் படமெடுத்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முடிந்தால் அந்தப் படங்களோடு நீங்களும் ஒரு கருத்து எழுதுங்கள், அடுத்து வாங்குபவர் அதைத்தான் தேடுவார்.

கேள்வி: அண்ணன் படித்த 2004-ஆம் ஆண்டு டேட்டாபேஸ் பாடப்புத்தகம் வீட்டில் இருக்கிறது. மகளுக்கு அது போதுமா, புதிது வாங்க வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதல் பாதிக்குப் போதும், தாராளமாகக் கொடுங்கள். ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக வைக்கும் முறையை முன்வைத்த கட்டுரை வந்தது 1970-இல். ஐபிஎம்மில் எஸ்க்யூஎல்லின் முதல் வடிவம் எழுதப்பட்டது 1974-இல். டேபிள்களை எப்படிப் பிரிப்பது, எந்த நெடுவரிசையை முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு வரிசையையும் தனியாக அடையாளம் காட்டுவதாக) வைப்பது, ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைத்தால் என்ன கெடும் என்பவை அன்றைக்குச் சொன்னபடியேதான் இன்றைக்கும். நிறுவுவது, பயனர் உரிமை கொடுப்பது, பிஹெச்பி அல்லது ஜாவாவோடு இணைப்பது பற்றிய அத்தியாயங்களை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். அவற்றுக்கு மைஎஸ்க்யூஎல்லின் அதிகாரபூர்வக் கையேடே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.